கள்ளக்கடல்

நுழையும்முன்

கடலைக் காணாத ஊர்களிலும் கடற்செய்தி நாள்தோறும் ஒலிக்கிறது. அச்செய்தி யாருக்கு உரியது? அலை எங்கே பிறக்கிறது, எவ்வாறு கரை சேர்கிறது, கடல்சார் அறிவிப்பை எவ்வாறு பொருள் கொள்வது என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்னும் தொடரைத் தமிழ்நாட்டில் கேளாதார் இலர். திண்டுக்கல் – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வையம்பட்டி, கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மேட்டுநிலத்து ஊர். அங்கே தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் இத்தொடர் ஒலிக்கும்போது, கேட்போர் அதனை மழைக்கான முன்குறிப்பாகவே கொள்வர். காற்றும் அலையும் மீனவர் கவலை. மழை மட்டுமே தம் கவலை என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் இயல்பானதே, ஆனால் சரியானதன்று.

2024ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் காலை, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் அலையால் இழுக்கப்பட்டு ஐவர் உயிரிழந்தனர். ஐவரும் திருச்சிராப்பள்ளியிலுள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள். திருமண நிகழ்வொன்றின் பொருட்டு நாகர்கோவிலுக்கு வந்தவர்கள். அந்நாள்களில் குமரிக் கரையில் புயல் இல்லை. ஆனால், கேரளக் கரைக்கும் தென்தமிழகக் கரைக்கும் பேரலை எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) அதனை வெளியிட்டது. புயலற்ற கரைக்குப் பேரலை எவ்வாறு வந்தது? விடை, குமரிக்கு வெகு தொலைவில் இருக்கிறது.

இருவகை அலைகள்

கடலலையைப் பிறப்பிப்பது பெரும்பாலும் காற்றே. நீர்ப்பரப்பின்மீது காற்று எவ்வளவு விரைவாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவுக்குத் தடையின்றி வீசுகிறதோ அதற்கேற்ப அலை வளர்கிறது. நம் கண்ணெதிரே வீசும் காற்று எழுப்பும் அலையைக் காற்றலை எனலாம். அது குறுகியது, ஒழுங்கற்றது, காற்று தணிந்தால் தானும் தணிவது. ஓர் அலைமுகடு கடந்தபின் அடுத்த முகடு வந்துசேர ஆகும் நேரம் அலைவு நேரம் எனப்படும். காற்றலையின் அலைவு நேரம் சில நொடிகளே.

எங்கோ வீசிய பெருங்காற்று எழுப்பிய அலை, தான் பிறந்த இடத்தை விட்டு நீங்கி, காற்றின் துணையின்றியே பல நாள் பயணம் செய்வதுமுண்டு. அது தொலைதூர அலை. வழியில் குறுகிய அலைகள் தேய்ந்துபோக, நெடிய அலைகள் மட்டும் எஞ்சி வரிசையாக நகர்கின்றன. அவற்றின் அலைவு நேரம் 15 நொடிக்கும் மேற்படலாம். நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்கு இவ்வலை தொட்டில் அசைவு போன்றதே. கரையில் நிற்பவருக்கு அவ்வாறன்று.

கேரள மீனவர் இதற்கு இட்ட பெயர் கள்ளக்கடல். கள்ளன்போல் முன்னறிவிப்பின்றிப் புகும் கடல் என்பது பொருள். அறிவியலாளர் புதுச்சொல் தேடவில்லை. வலை வீசுவோரின் சொல்லையே ஏற்றனர். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பும் இச்சொல்லை முறையாக ஏற்றுக்கொண்டது. ஆழிப்பேரலையோடு இதனை மயக்கிக்கொள்ளுதல் கூடாது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கடலடி நிலநடுக்கத்தால் எழுந்தது; கள்ளக்கடல் காற்றின் பிள்ளை.

எட்டு நாள் பயணம்

2024 ஏப்ரல் இறுதியில் தென் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வு இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்குள் நகர்ந்தது. அங்கு வீசிய பெருங்காற்று எழுப்பிய அலைகளே மே மாதத் தொடக்கத்தில் நம் கரையை அடைந்தன. அத்தாழ்வு தொடக்கத்தில் இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

இதனை எளிய கணக்கால் சரிபார்க்கலாம். ஆழ்கடலில் ஓர் அலைமுகட்டின் வேகம், அலைவு நேரத்தை 1.56ஆல் பெருக்கினால் கிடைக்கும். அலகு நொடிக்கு மீட்டர். அலைவு நேரம் 18 நொடி எனில் வேகம் நொடிக்கு 28 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஆனால் ஆற்றலைச் சுமந்து செல்லும் அலைக்கூட்டம், தனி முகட்டின் வேகத்தில் பாதியளவே நகரும். எனவே மணிக்கு 50 கிலோமீட்டர். பத்தாயிரம் கிலோமீட்டரைக் கடக்க 200 மணி நேரம், ஏறத்தாழ எட்டு நாள். ஏப்ரல் கடைசி வாரத்தில் புறப்பட்ட அலை மே முதல் வாரத்தில் வந்து சேர்ந்தது வியப்பன்று. இவ்வலையை நாள்கள் முன்னதாகவே கணிக்க முடிவதும் இதனாலேயே. கள்ளக்கடல் மீனவரின் கண்ணுக்குக் கள்ளன். கணக்குக்கு அகப்படும் கள்ளன்.

கரையருகே நிகழ்வது வேறு. அலையின் பாதி நீளத்தைவிட ஆழம் குறையும் இடத்தில் அலை கடலடியை உணரத் தொடங்கும். 6 நொடி அலையின் நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். அது 28 மீட்டர் ஆழத்தில்தான் தரையை உணரும். 18 நொடி அலையின் நீளமோ 500 மீட்டருக்கு மேல். அது 250 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணர்ந்து, வேகம் குறைந்து, பின்வருவது முன்செல்வதை நெருக்க, உயரம் பெறுகிறது. ஆகவே கடலில் ஒரு மீட்டர் உயரமே உடைய நெடிய அலை, கரையில் ஏறும்போது அதே உயரமுடைய காற்றலையைவிட மிகுதியான நீரைத் தள்ளிவரும். அமாவாசை, முழுநிலா நாள்களை ஒட்டி எழும் உயர் ஓதத்தோடு இது சேர்ந்தால் நீர் இன்னும் உள்ளேறும். 2024 மே 6 அமாவாசையை ஒட்டிய நாள் என்பது கருதத்தக்கது.

நெடிய அலைகளுக்கு இன்னொரு குணம் உண்டு. அவை கூட்டங்கூட்டமாக வரும். பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வந்தபின், சில நிமிடங்கள் கடல் அடங்கியிருக்கும். அவ்வேளையில் வந்து சேர்பவர் அதுவே கடலின் இயல்பு எனக் கருதிப் பாறையில் ஏறுவர், நீரில் இறங்குவர். பின்னர் அடுத்த கூட்டம் வரும். புதிய கடற்கரைக்குச் செல்வோர் இறங்குமுன் இருபது நிமிடமேனும் கரையில் நின்று கடலைப் பார்த்தல் வேண்டும் என்பதன் காரணம் இது.

பின்னிழுக்கும் ஓட்டம்

அலைகள் கரையில் குவிக்கும் நீர் மீண்டும் கடலுக்குள் சென்றாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடைப்பட்ட பள்ளம் வழியாக அது ஒடுங்கிய ஆறுபோல் கடல்நோக்கிப் பாயும். நீந்தத் தெரிந்தவரையும் சாய்ப்பது பெரும்பாலும் இவ்வோட்டமே. இதில் ஒரு முரண் உண்டு: பள்ளத்தில் அலை உடைவதில்லை, ஆதலால் கடலறியாதவர் கண்ணுக்கு அவ்விடமே அமைதியானதாகத் தோன்றும். இருபுறமும் நுரை, நடுவில் நுரையற்ற பட்டை, அப்பட்டையில் கலங்கிய மணல்நீர் ஆகியவை இதன் அடையாளங்கள்.

இவ்வோட்டத்தில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேராக நீந்துதல் ஆற்றலை வீணாக்கும். ஓட்டம் ஒடுங்கியது; கரைக்கு இணையாகச் சிறிது தொலைவு நீந்தினால் அதிலிருந்து விலகலாம்; பின்னர் அலையோடு கரை சேரலாம். நீந்த இயலாவிடில் மிதந்தபடி கையசைத்து உதவி கோருதல் நன்று. ஓட்டம் ஆளைக் கடலுக்குள் கொண்டுசெல்லுமேயன்றி அடியில் அமிழ்த்தாது. காப்பாற்றக் குதித்தவர் தாமும் மூழ்கிய நிகழ்வுகள் பல. கயிறு, மூடிய வெற்று நெகிழிக் குடம் போன்ற மிதக்கும் பொருளை எறிவதே அறிவுடைமை.

எட்டாத எச்சரிக்கை

கணித்தல் ஒன்று, கணித்ததை உரியவரிடம் சேர்த்தல் மற்றொன்று. 2017 நவம்பர் இறுதியில் இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான தாழ்வு மண்டலம், நவம்பர் 30 அன்று குமரிக்கடலில் ஒக்கிப் புயலாக வலுப்பெற்றது. வங்கதேசம் அளித்த அப்பெயருக்குக் கண் என்பது பொருள். தாழ்வு மண்டலம் புயலாக மாறிய கால இடைவெளி மிகக் குறுகியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் அதற்கு முன்னரே தொலைகடலில் இருந்தனர். கரையிலிருந்து சில கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசி எட்டாது. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களிலும் நூற்றுக்கணக்கான மீனவர் மாண்டனர்; பலர் திரும்பவேயில்லை.

இதன்பின் 2019இல் 'ஜெமினி' என்னும் கருவி அறிமுகமானது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைப் பெற்று, படகிலுள்ள கைப்பேசித் திரையில் அது காட்டும். செய்தி ஒருவழியே வரும். படகிலிருந்து 'ஆபத்தில் உள்ளோம்' எனத் திருப்பிச் சொல்ல அதில் வழியில்லை என்பது அதன் குறை.

அறிவிப்பைப் படித்தல்

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு நெடிய வரலாறு உடையது. 1864ஆம் ஆண்டுப் பெரும்புயலுக்குப் பின், 1865இல் கல்கத்தாத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. இன்று 1 முதல் 11 வரை எண்கள் உள்ளன. 1, 2 ஆகியவை தொலைகடலில் உருவான தாழ்வையும் புயலையும் குறிப்பவை. 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கே மோசமான வானிலை நேரக்கூடும் என்பவை. 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பேராபத்து. 11ஆம் எண்ணுக்குப் பொருள், வானிலை மையத்துடனான தொடர்பே அற்றுப்போயிற்று என்பது. கூண்டின் எண் துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் உரியது. கள்ளக்கடலுக்குக் கூண்டு இல்லை. இன்காய்ஸ் அறிவிப்பையே பார்த்தல் வேண்டும்.

அறிவிப்பில் 'அலை உயரம் 2 மீட்டர்' எனக் காணப்படின், அதுவே மிகப்பெரிய அலை என எண்ணலாகாது. உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரியே அது. தனியோர் அலை அதன் இரு மடங்கையும் நெருங்கலாம். உயரத்தோடு அலைவு நேரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையால் பெயர் பெறும். நீரோட்டமோ செல்லும் திசையால் பெயர் பெறும். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் வழங்கிய தமிழ்மரபும் இதுவே. ஈழத்துக் கரையோரத்தில் கச்சான், சோளகம் என்னும் பெயர்கள் இன்றும் வாழ்கின்றன.

குமரிக்கடல், மன்னார் வளைகுடா என்னும் பெயர்கள் அறிவிப்பில் அடிக்கடி வருவதற்கும் காரணம் உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்முனைக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட வெளியில் காற்று ஒடுங்கி விரைகிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் மேகமற்ற நாளிலும் அங்குச் சூறைக்காற்று வீசும்.

உள்நாட்டவர்க்குக் கடற்செய்தி இருவழிகளில் உரியதாகிறது. ஒன்று, கடல் அவர்களை நாடி வருதல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயல், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல் வழியே மேற்கே சென்றது. மற்றொன்று, அவர்கள் கடலை நாடிச் செல்லுதல். கோடை விடுமுறையில் வையம்பட்டி வழியே தெற்கு நோக்கிச் செல்லும் சுற்றுலா வண்டிகள் பல. கள்ளக்கடல் மிகுதியும் தோன்றும் காலமும் ஏப்ரல், மே மாதங்களை உள்ளடக்கியதே. 'மீனவர்கள் செல்ல வேண்டாம்' என்னும் அறிவிப்பில் சுற்றுலாப் பயணியும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுவாராயின், தேநீர்க்கடையில் கேட்போருக்கு அது தம் செய்தியாகவே ஒலிக்கும்.

கற்பவை கற்றபின்

1. அலைவு நேரம் 16 நொடி உடைய அலைக்கூட்டம் 8,000 கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நாள் ஆகும் எனக் கணக்கிடுக.
2. ஒரு வார வானிலை அறிவிப்புகளைத் தொகுத்து, அவற்றில் கடற்கரைக்குச் செல்வோர்க்கு உரிய செய்திகளைத் தனியே எழுதுக.
3. சுற்றுலாப் பயணியரை விளித்துக் கள்ளக்கடல் எச்சரிக்கை ஒன்றை நான்கு தொடர்களில் உருவாக்குக.