கம்ப்யூட்டரில் வானொலி: எப்படிக் கேட்பது? எவ்வளவு டேட்டா செலவாகும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட் இணைப்பு கிடைத்ததும் பாட்டும் படமும்தான் தேடுகிறார்கள். அகில இந்திய வானொலியையும் அதில் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதை இங்கே பார்ப்போம்.

என்னென்ன கிடைக்கும்?

அகில இந்திய வானொலி என்ற பெயர் 1936-ல் வந்தது. சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. திரைப்பாடல் பிரியர்களுக்கான விவித் பாரதி 1957-ல் வந்தது. நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல் சென்னையில்தான் நடந்தது. 1997 முதல் வானொலியும் தூர்தர்ஷனும் பிரசார் பாரதியின் கீழ் இயங்குகின்றன. நிலையத்தின் கணக்குப்படி 23 மொழிகளில் ஒலிபரப்பு. மக்கள் தொகையில் சுமார் 99 சதவீதம் பேரை அது எட்டுகிறது. செய்தி, கர்நாடக இசை, நாடகம், உழவர் நிகழ்ச்சி என எல்லாம் உண்டு. 1974 முதல் சமஸ்கிருதத்திலும் செய்தி வாசிக்கிறார்கள்.

எப்படிக் கேட்பது?

1. பிரவுசரைத் திறந்து, தேடும் இடத்தில் 'ஆகாசவாணி நேரலை' என்று டைப் செய்யுங்கள்.
2. பிரசார் பாரதியின் அதிகாரப்பூர்வ தளத்தை மட்டும் திறங்கள். 'பிளேயரை டவுன்லோடு செய்' என்று வேறு ஏதாவது தளம் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.
3. வேண்டிய நிலையத்தின் பெயரில் கிளிக் செய்யுங்கள். சில நொடிகளில் ஒலி வரும்.

ஒரு குறிப்பு: ஒலி முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் சேமிக்கப்பட்டுப் பிறகே ஒலிக்கிறது. எனவே நேர அறிவிப்பு தாமதமாக வரும். அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தாதீர்கள்!

டேட்டா கணக்கு

ஒலி நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே நொடிக்கு 8 கிலோபைட். மணிக்குச் சுமார் 29 எம்.பி. தினமும் 2 மணி நேரம் கேட்டால் 30 நாளில் 1.7 ஜி.பி. ஆகும். அதே நேரத்துக்கு நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வீடியோ பார்த்தால் 27 ஜி.பி. ஆகிவிடும். செய்தி கேட்க வீடியோ தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய ரேடியோவைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். இன்டர்நெட்டில் கேட்கும் ஒவ்வொருவருக்கும் சர்வர் தனித்தனியே ஒலியை அனுப்ப வேண்டும். ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அந்தக் கவலை இல்லை. பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் அதற்கு வேலை ஒன்றுதான். புயலடித்து மின்சாரமும் மோடமும் போய்விட்டால் கம்ப்யூட்டர் வாய் திறக்காது. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ அப்போதும் எச்சரிக்கையைச் சொல்லும். எஃப்.எம். அலை சுற்றுவட்டாரத்தோடு நின்றுவிடும். மீடியம் வேவ் வெகுதூரம் போகும். இரண்டும் உள்ள ரேடியோவாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் ஊரில் எந்த அலைவரிசை தெளிவாகக் கேட்கிறது என்று மழைக்காலத்துக்கு முன்பே சோதித்து, எண்ணை ரேடியோவின் முதுகில் எழுதி ஒட்டிவையுங்கள்.