ஒரு பெயர், இரண்டு நோய்கள்: தோலின் அடியடுக்கில் தோன்றும் லிம்போமா



கூவே லாப்பிஸை நீங்கள் எல்லாரும் சாப்பிட்டிருப்பீர்கள். மேலிருந்து பார்த்தால் ஒரே நிறம்தான் தெரியும். அடிவரை வெட்டினால்தான் எத்தனை அடுக்குகள் என்று எண்ண முடியும். நம் தோலும் அப்படித்தான். இந்த வாரம், தோலின் கடைசி அடுக்கில் தோன்றும் ஓர் அரிய புற்றுநோயைப் பற்றிப் படிப்போம். 'எந்த அடுக்கில், எந்த உயிரணு?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, நோயாளிக்கு என்ன சிகிச்சை தருவது என்பதையே மாற்றிவிடுகிறது.

தோலின் மூன்று அடுக்குகள்

மேலே இருப்பது மேல்தோல். அதற்குக் கீழே, இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வியர்வைச் சுரப்பிகளும் உள்ள உட்தோல். எல்லாவற்றுக்கும் அடியில் கொழுப்படுக்கு. இந்த அடுக்கில் கொழுப்பு உயிரணுக்கள் சோப்பு நுரையின் குமிழிகளைப் போல நெருக்கமாக இருக்கும்.

இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை லிம்போசைட் என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றில் டி-அணுக்கள், கிருமி புகுந்த உயிரணுக்களைக் கண்டுபிடித்து அழிக்கும் காவலர்கள். இந்த லிம்போசைட்டுகள் கட்டுப்பாடின்றிப் பெருகினால் அந்த நோய்க்கு லிம்போமா என்று பெயர். பெரும்பாலான லிம்போமாக்கள் நிணநீர் முடிச்சுகளில் தொடங்கும். சில தோலில் தொடங்கும். அவற்றிலும் மிகச் சிலவே கொழுப்படுக்கில் தொடங்கும்.

இந்த நோய் 1991-இல் முதன்முதலாக மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. 'தோலடிக் கொழுப்பு அழற்சி போன்ற டி-அணு லிம்போமா' என்பது அதன் பெயர். பெயரிலேயே ஒரு சிக்கல் இருப்பதைக் கவனியுங்கள். பார்ப்பதற்குச் சாதாரண அழற்சி போலவே இருக்கும். கால், கை, உடலில் தோலுக்கு அடியில் கட்டிகள் தோன்றும். சிலருக்குக் காய்ச்சலும் வரும். இளம் வயதினரையும் இது தாக்கும்.

நுண்ணோக்கியில் என்ன தெரியும்?

கட்டியிலிருந்து சிறு திசுத்துண்டை வெட்டி எடுத்துச் சோதிப்பதைத் திசு ஆய்வு என்கிறோம். மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் போதாது. கொழுப்படுக்குவரை ஆழமாக எடுக்க வேண்டும். கூவேயின் மேல் அடுக்கை மட்டும் உரித்தால் கீழே என்ன நிறம் என்று எப்படித் தெரியும்?

திசுவைப் பக்குவப்படுத்தும்போது கொழுப்பு கரைந்துவிடும். அதனால் கொழுப்பு உயிரணுக்கள் வெறும் வெள்ளை வட்டங்களாகத் தெரியும். இந்த நோயில் அந்த வட்டங்களைச் சுற்றி, மணி கோத்த மாலைபோல் டி-அணுக்கள் வரிசையாக நிற்கும். இடையிடையே செத்துப்போன கொழுப்பும், அதைச் சுத்தம் செய்ய வந்த விழுங்கணுக்களும் இருக்கும்.

இந்த 'மாலை'யைப் பார்த்தவுடன் முடிவு கட்டிவிட முடியாது. வேறு சில நோய்களிலும் இது தெரியலாம். புற்றுநோய் அல்லாத லூப்பஸ் கொழுப்பு அழற்சியும் ஏறக்குறைய இதே தோற்றம் காட்டும். ஆகவே மருத்துவர் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்.

ஒன்று இரண்டானது

தொடக்கத்தில் மருத்துவர்களுக்கு ஒரு புதிர் இருந்தது. ஒரே பெயர் கொண்ட நோய்தான். ஆனால் சிலர் பல ஆண்டுகள் நன்றாக இருந்தார்கள். சிலர் விரைவில் இறந்தார்கள். ஏன்?

விடை டி-அணுவின் மேற்பரப்பில் இருந்தது. ஒவ்வொரு டி-அணுவிலும் எதிரியை அடையாளம் காணும் ஓர் ஏற்பி உண்டு. பெரும்பாலான டி-அணுக்களில் அந்த ஏற்பி ஆல்பா, பீட்டா என்ற இரு புரதச் சங்கிலிகளால் ஆனது. சிறுபான்மை அணுக்களில் காமா, டெல்டா என்ற சங்கிலிகள் இருக்கும். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு நிறமூட்டினால் எது எது என்று பிரித்துக் காணலாம்.

பிரித்துப் பார்த்தபோது அடுக்குகளிலும் வேறுபாடு தெரிந்தது. ஆல்பா-பீட்டா வகை பெரும்பாலும் கொழுப்படுக்கோடு நின்றுவிடுகிறது. காமா-டெல்டா வகை உட்தோலுக்கும் மேல்தோலுக்கும் பரவி, சில நேரம் தோலைப் புண்ணாக்குகிறது. 2005-இல் வெளிவந்த தோல் லிம்போமா வகைப்பாடு இவற்றை இரண்டு நோய்களாகப் பிரித்தது. பழைய பெயர் ஆல்பா-பீட்டா வகைக்கு மட்டும் நிலைத்தது.

எண்கள் சொல்வது

2008-இல் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று 83 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டது. 63 பேருக்கு ஆல்பா-பீட்டா வகை, 20 பேருக்கு காமா-டெல்டா வகை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடிருப்போர் விகிதம் முதல் வகையில் 82 விழுக்காடு. இரண்டாம் வகையில் 11 விழுக்காடு.

முதல் வகையிலும் ஓர் ஆபத்து உண்டு. சிலருக்கு விழுங்கணுக்கள் வெறிகொண்டதுபோல் சொந்த இரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். இந்தச் சிக்கல் இல்லாதவர்களுக்கு ஐந்தாண்டு விகிதம் 91 விழுக்காடு; இருந்தவர்களுக்கு 46 விழுக்காடு.

இந்த எண்களைக் கவனமாகப் படியுங்கள். அரிய நோய் என்பதால் ஆய்வில் இருந்தவர்கள் குறைவு. மேலும், விழுக்காடு என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒருவரின் விதியை அது சொல்லாது.

ஆனால் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க இந்தக் கணக்கு உதவுகிறது. அந்தச் சிக்கல் இல்லாத ஆல்பா-பீட்டா நோயாளிக்குப் பல மருந்துகள் சேர்ந்த கடுமையான கீமோதெரப்பியை முதலிலேயே கொடுக்கத் தேவையில்லை. ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் போன்ற, நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளே பலருக்குப் போதுமானவை. வகை தவறாகக் கணிக்கப்பட்டால் ஒருவர் தேவையில்லாத நச்சு மருந்தைத் தாங்க வேண்டியிருக்கும். இன்னொருவருக்கு வேண்டிய தீவிரச் சிகிச்சை தாமதமாகிவிடும்.

பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்

புற்றுநோய்க்கு நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தா என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. 2018-இல் இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. டி-அணுக்களின் மேற்பரப்பில் டிம்-3 என்ற புரதம் உண்டு. வேலை முடிந்ததும் நோயெதிர்ப்பை அடக்கும் பிரேக் அது. ஆய்வு செய்யப்பட்ட நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் இருந்தது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பிரதிகளிலும் மாற்றம். அதனால் புரதம் தவறாக மடிந்து, அணுவின் மேற்பரப்புக்கு வந்து சேர்வதில்லை. பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்போல நோயெதிர்ப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு வகை மாற்றம் கிழக்காசிய, பொலினீசிய வம்சாவளியினரிடமும், வேறொரு வகை ஐரோப்பியரிடமும் காணப்பட்டது.

தோலில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் வாரக்கணக்கில் மறையாத கட்டியோடு காய்ச்சலும் இருந்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. இந்த நோய்க்கு ஏன் ஆழமான திசுத்துண்டு தேவை?
2. ஆல்பா-பீட்டா, காமா-டெல்டா வகைகளுக்கு இடையே திசுவில் காணும் இரண்டு வேறுபாடுகளைக் குறிப்பிடுக.
3. தாய், தந்தை இருவரும் ஒரு மாறிய பிரதியையும் ஓர் இயல்பான பிரதியையும் கொண்டிருந்தால், பிள்ளைக்கு இரு மாறிய பிரதிகளும் வந்து சேரும் வாய்ப்பு எவ்வளவு? கட்டம் வரைந்து கணக்கிடுக.