சவ்வாது மலைச்சாரல் நடுகற் பாடங்களும் லதா எழுத்துருவும்

சவ்வாது மலையை ஒட்டிய செங்கம் வட்டாரம் பல்லவர் கால வட்டெழுத்து நடுகற்களால் பெயர்பெற்றது. அவற்றின் பாடங்கள் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாயின. ஒருங்குறியில் வட்டெழுத்துக்குத் தனியிடம் இன்மையால், கணினியில் இப்பாடங்கள் இக்காலத் தமிழ் வடிவிலேயே அமைகின்றன. அவ்வடிவத்தைத் தரும் எழுத்துருக்களுள் ஆய்வாளர் பலர் விரும்பிக் கையாள்வது லதா.

விண்டோசு 2000உடன் வந்த லதாவின் முதன்மைச் சிறப்பாகப் பேசப்படுவது, ஒருவர் தட்டச்சிட்டதை வேறொருவர் கணினியில் சிதையாமல் படிக்கலாம் என்பது. எழுத்துருவுக்கொரு குறியீடு வழங்கிய காலத்தில் ஒரு கட்டுரை அஞ்சலில் போய்ச் சேர்வதற்குள் பொருளற்ற குறிகளாக மாறுவது வழக்கம். 1999இன் டாம், டாப் தரப்பாடுகளும் அந்நிலையை முற்றும் நீக்கவில்லை. ஆயின் இப்பெருமை உண்மையில் ஒருங்குறிக்கு உரியது. லதாவுக்கே உரியவை ஒருசீரான கோட்டுத்தடிமனும் திரையில் தெளியும் விரிந்த வளைவுகளும். அவ்விரிவே அச்சில் இடத்தை விழுங்குகிறது. தனியாக வரையப்பட்ட சாய்வெழுத்தும் இதில் இல்லை. நேரெழுத்தையே கணினி சாய்த்துக் காட்டுகிறது. சிதைந்த எழுத்தையும் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய எழுத்தையும் வேறுபடுத்த வேண்டிய கல்வெட்டுப் பதிப்புக்கு இது சிறிய குறையன்று.

1972ஆம் ஆண்டு நூல் 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்டது. ணா, றா, னா, லை, ளை முதலிய பதின்மூன்று எழுத்துகளும் லதாவில் புதுவடிவமே பெறுகின்றன. குறியீட்டை மாற்றாமலே பழைய வடிவங்களை எழுத்துருவுக்குள் அமைக்க முடியும் என்பதால், இது லதாவின் குறையே.

மற்றொரு சிக்கலுக்கு லதாவைப் பழித்தல் தகாது. எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. கோவிவன் என்னும் நாயைக் குறிப்பது. இப்பெயரை லதாவில் இடும்போது முதலெழுத்து இரட்டைக் கொம்பு பெறுகிறது. கல் வெட்டப்பட்ட காலத்தில் அவ்வடிவமே இல்லை. நெடிலுக்கு அதனை வகுத்தவராக வீரமாமுனிவர் குறிக்கப்பெறுகிறார். கல்லில் உள்ள கொம்பைக் குறிலென்றோ நெடிலென்றோ முடிவுசெய்தபின்னரே தட்டச்சிட முடியும். இருபாற்பட்ட நிலைக்குக் குறியீட்டில் இடமில்லை. பிற ஒருங்குறி எழுத்துருக்களுக்கும் இது பொது. எனினும் லதாவின் சீர்மை அம்முடிவைக் கல்லின் சான்றுபோலத் தோன்றச் செய்கிறது. படியெடுப்பின் நிழற்படத்தைப் பாடத்தின் அருகிலேயே அச்சிட்டால், கொம்பு கல்லினுடையதா பதிப்பாசிரியருடையதா என்பதைப் படிப்பவரே பார்த்தறியலாம்.