அடுக்களைப் பொருள்களும் வீட்டுத் தூய்மையும்

வீட்டைத் தூய்மையாக வைத்திருக்க இக்காலத்தில் பாத்திரத்திற்கு ஒரு புட்டி, தரைக்கு ஒரு புட்டி, கழிப்பறைக்கு ஒரு புட்டி எனக் கடையில் வாங்குவது கிராமங்களிலும் வழக்கமாகிவிட்டது. இதனால் மாதந்தோறும் பணம் செலவாகிறது. இவ்வேலைகளுள் பலவற்றைப் புளி, எலுமிச்சை, ஆப்பச் சோடா, சாம்பல், பூந்திக்கொட்டை ஆகிய எளிய பொருள்களைக் கொண்டே செய்துகொள்ள இயலும். எனினும் எப்பொருள் எவ்வழுக்கை நீக்கும், எதனை நீக்காது என்பதை அறிந்து செய்தல் இன்றியமையாதது. அறியாது செய்தால் பொருளும் கெடும். சில வேளைகளில் உயிருக்கே தீங்கு நேரும்.

அழுக்கு மூவகை

வீட்டு அழுக்கை நாம் மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, உலோகக் களிம்பும் உப்புநீர்க் கறையும். இதற்குப் புளிப்பு வேண்டும். இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்கு. இதற்குக் காரமோ நுரையோ வேண்டும். மூன்றாவது, கண்ணுக்குப் புலனாகாத நோய்க் கிருமிகள். இவற்றை ஒழிக்க அடுக்களைப் பொருள்களை நம்புதல் கூடாது.

புளிப்பின் பயன்

புளியில் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் உள்ளன. இவை பித்தளை, செம்புப் பாத்திரங்களில் படியும் களிம்பைக் கரைக்கின்றன. ஒரு குடத்திற்கு நெல்லிக்காய் அளவு புளியுடன் சிறிது உப்புச் சேர்த்துத் தேய்த்தால் போதும். பின்னர் உடனே நன்னீரில் அலசி, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். உப்புநீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தாகும். எலுமிச்சைச் சாறு கலந்த நீரை அதில் கொதிக்கவிட்டால் அப்படிவு இளகிவிடும்.

ஆயின் கடப்பைக்கல், சலவைக்கல், மொசைக், சிமெண்டுத் தரை ஆகியவற்றின் மீது புளிப்பைப் பயன்படுத்தலாகாது. இவையும் சுண்ணாம்புச் சத்துள்ளவையே. கறையைக் கரைக்கும் புளிப்பு கல்லையும் அரித்துப் பளபளப்பைப் போக்கிவிடும்.

காரமும் நுரையும்

விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட்டு என்னும் காரம் உண்டு. ஈரத்தில் அது எண்ணெயோடு கூடி ஓரளவு சோப்பைப் போலவே வேலை செய்கிறது. நம் பாட்டிமார் சாம்பலால் பாத்திரம் துலக்கியதன் காரணம் இதுவே. சாம்பலைச் சலித்துப் பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக்கோ, வர்ணம் பூசிய மரமோ எரிந்த சாம்பல் உதவாது. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் கறுக்கச் செய்யும். ஆதலின் அதற்குச் சாம்பலும் சோடாவும் வேண்டா.

பூந்திக்கொட்டைத் தோலில் நுரை தரும் சபோனின் என்னும் சத்து உள்ளது. விதை நீக்கிய 15 முதல் 20 கொட்டைகளின் தோலை 1 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் பிசைந்து வடிகட்டுக. பாத்திரத்திற்கும் தரைக்கும் துணிக்கும் இந்நீர் ஏற்றது. இரண்டு மூன்று நாள்களில் கெட்டுவிடுமாதலால் தேவைக்கு மட்டும் செய்க. கண்ணில் பட்டால் எரியும். மீன்களுக்கு இது நஞ்சு. எனவே குளத்திலும் ஊருணியிலும் கொட்டலாகாது.

ஆப்பச் சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கும். அப்பொங்குதலைக் கண்டு அதன் வலிமை பெருகிற்று என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று முறித்துவிடுகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே பயன்படுத்துவதே சிக்கனம்.

கிருமிகளும் நச்சுக் காற்றும்

நோயாளி இருந்த அறை, மலம் பட்ட இடம், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றிற்குப் பிளீச்சிங் பவுடர் போன்ற கிருமிநாசினியே உரியது. கை கழுவச் சோப்பே வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தல் ஆகாது.

இங்கு ஓர் எச்சரிக்கையை வற்புறுத்திக் கூறுகிறோம். பிளீச்சிங் பவுடருடன் புளி, எலுமிச்சை, வினிகர், கழிப்பறை ஆசிட் ஆகிய எதனையும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் என்னும் நச்சுக் காற்று வெளிப்படும். அடைத்த கழிப்பறையில் அக்காற்று நுரையீரலைப் புண்படுத்தி உயிரையும் போக்கவல்லது. ஊராட்சித் தூய்மைப் பணியாளர்க்கும் தொட்டி இயக்குவோர்க்கும் இதனை நேரில் எடுத்துச் சொல்வது உறுப்பினர்களின் கடமை.

கழிப்பறையில் ஆசிடை மிகுதியாக ஊற்றுவதும் தவறு. குழியில் மலத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதனால் மடியும்; சிமெண்டு உறையும் அரிக்கப்படும். அன்றாடம் நீரூற்றித் துடைப்பத்தால் தேய்த்துவந்தால் ஆசிடுக்குத் தேவையே பெரும்பாலும் எழாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஆசிட் விற்பனையைக் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டது. வாங்குவோர் அடையாளச் சான்று காட்டவேண்டும்; விற்பவர் பதிவேடு வைக்கவேண்டும்; 18 வயது நிரம்பாதவர்க்கு விற்கலாகாது. இதனைக் கடைக்காரர்க்கு உணர்த்துக.

பழைய பானப் புட்டிகளில் ஆசிடோ, பினாயிலோ, வீட்டில் செய்த கரைசலோ ஊற்றிவைக்கும் பழக்கத்தை ஊரிலிருந்து அகற்றுக. தாகத்துடன் ஓடிவரும் குழந்தை புட்டியை அறியுமேயன்றி உள்ளிருப்பதை அறியாது. எக்கரைசலுக்கும் பெயர் எழுதி, எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், 108 ஊர்தியை அழைத்து, அப்புட்டியையும் உடன் கொண்டு மருத்துவமனைக்கு விரைக.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினரைக் கொண்டு பூந்திக்கொட்டை நீர் தயாரித்துக் காட்டுவதும், எவற்றைக் கலக்கலாகாது என்பதை அங்கன்வாடிச் சுவரில் எழுதிவைப்பதும் செலவின்றி இயலும் காரியங்கள். காசு மிஞ்சுவது நன்று. ஒரு குழந்தையின் உயிர் மிஞ்சுவது அதனினும் நன்று. அன்பர்கள் இதனை இம்மாதமே தொடங்குவார்களாக.