ஓதக் கற்றவள் எழுதலாகாதா?

நம் வீடுகளில் பெண்பிள்ளைக்கு ஓதக் கொடுப்பதில் முன்னோர்கள் குறை வைக்கவில்லை. சிறு வயதிலேயே குர்ஆனை ஓதி முடிக்கச் செய்தார்கள். அரபுத் தமிழில் அச்சான மார்க்கக் கிதாபுகளை வாசிக்கப் பழகிய பெண்களும் நம் கடற்கரை ஊர்களில் பலர் இருந்தனர். ஆனால், அதே பிள்ளையின் கையில் எழுதுகோலைக் கொடுக்கப் பல குடும்பங்கள் தயங்கின. ஓதுவது இபாதத், எழுதுவதோ ஆபத்து என்று எண்ணினார்கள். எழுதத் தெரிந்துவிட்டால் எவனுக்கேனும் கடிதம் எழுதிவிடுவாள் என்பதுதான் அந்த அச்சம். ஒளிக்காமல் சொல்லிவிடுவோமே!

இந்த அச்சத்திற்கு விலை கொடுத்தவர்கள் சபுராளிகளின் மனைவியர். கணவர் கொழும்பிலோ, பினாங்கிலோ, ரங்கூனிலோ ஆண்டுக்கணக்கில் இருப்பார். கடிதம் வரும். அதை வாசித்துச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டும். பதில் எழுதவும் அவன்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதைச் சொல்லலாம். மாமியாரோடு மனத்தாங்கல், அனுப்பிய பணம் போதவில்லை, தனிமை பொறுக்க முடியவில்லை என்பவற்றையெல்லாம் ஒரு விடலைப் பையனிடம் வாய்விட்டுச் சொல்லி எழுதச் சொல்ல முடியுமா? "இங்கு எல்லோரும் சுகம்" என்ற வரியோடு கடிதம் முடிந்துவிடும். பெண்ணின் மானத்தைக் காப்பதாக எண்ணி எழுத்தை மறுத்தவர்கள், அவளுடைய அந்தரங்கத்தை அந்நிய ஆணின் கையில் ஒப்படைத்திருந்தார்கள். இந்த வேடிக்கையை அன்று எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதற்கு ஹதீஸ் ஆதாரம் காட்டியவர்களும் உண்டு. பெண்களுக்கு எழுதக் கற்பிக்க வேண்டாம், நூல் நூற்கவும் சூரத்துந் நூரையும் கற்பியுங்கள் என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு ஹாகிம் அவர்களின் முஸ்தத்ரக்கில் இடம்பெற்றுள்ளது. ஹாகிம் அதை ஸஹீஹ் என்றார்கள். ஆனால், அந்த நூலை ஆராய்ந்த ஹதீஸ்கலை இமாம் தஹபீ அவர்கள் அது இட்டுக்கட்டப்பட்டது என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். அதை எடுத்துக்காட்டியவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எத்தனையோ பெண்களின் கதை வேறாக இருந்திருக்கும்.

மாறாக, அபூதாவூதில் உள்ள ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஹதீஸைப் பாருங்கள். ஷிஃபா (ரலி) அவர்கள் எழுத்தறிந்த மாதரசி. ஒருநாள் அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களோடு இருக்கையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளே வந்தார்கள். 'நம்லா' என்னும் புண்ணுக்கு ஓதிப்பார்க்கும் முறை ஷிஃபாவுக்குத் தெரியும். ஹஃப்ஸாவுக்கு எழுதக் கற்றுத் தந்ததுபோல் இதையும் கற்றுத் தரலாகாதா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். எழுத்துக் கற்பித்தது இங்கே சர்ச்சைக்குரிய பொருளாகவே இல்லை. நடந்து முடிந்த நல்ல காரியமாகவே பேசப்படுகிறது. பெண்கள் எழுதக் கற்பது வெறுக்கத்தக்கதல்ல என்பதற்கு இதுவே ஆதாரம் என்று இமாம் கத்தாபீ விளக்கமளித்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் காலத்தில் தொகுக்கப்பட்ட குர்ஆன் ஏடுகள், உமர் (ரலி) அவர்களுக்குப் பின் இந்த ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில்தான் இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுக்க அவற்றை இவர்களிடமிருந்தே வரவழைத்து, பின்னர் திருப்பி அனுப்பினார்கள்.

இத்தனை ஆதாரம் கிதாபுகளில் இருந்தும் நடைமுறையில் என்ன நேர்ந்தது என்பதற்கு வடநாட்டு நிகழ்ச்சி ஒன்று போதும். பிஜ்னோர் பகுதியில் 1840இல் பிறந்தவர் அஷ்ரஃபுன்னிஸா பேகம். பீபி அஷ்ரஃப் என்று அறியப்பட்டவர். அக்குடும்பத்தில் பெண்கள் குர்ஆன் ஓதலாம். எழுதுவதற்கு மட்டும் தடை. ஓதிக்கொடுத்த ஆசிரியை வருவது நின்ற பிறகு அந்தச் சிறுமி தானாகவே ஓதிப் பழகினாள். உருதுவையும் படிக்க வேண்டும் என்ற தாகம் அவளுக்கு. கேட்டால் கிடைக்காது. ஆகவே, வீட்டார் உறங்கும் நண்பகலில் மொட்டை மாடிக்குப் போவாள். ரொட்டி சுடும் கல்லின் அடியில் படிந்த கரியைச் சுரண்டி மையாக்கிக் கொள்வாள். துடைப்பக் குச்சிதான் எழுதுகோல். கையில் கிடைத்த ஏடுகளைப் பார்த்து, அவற்றின் பொருள் விளங்காமலேயே வரைந்து வரைந்து பழகினாள். நாளடைவில் எழுத்து கைவந்தது. பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கடிதங்களை எழுதிக்கொள்ள அவளிடம்தான் வந்தார்கள். முன்னே நாம் சொன்ன 'பக்கத்து வீட்டுப் பையன்' அங்கே தேவைப்படவில்லை!

அந்தப் பெண்மணி பிற்காலத்தில் லாகூரில் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றினார்கள். தாம் எழுத்துக் கற்ற கதையைத் தாமே எழுதினார்கள். லாகூரிலிருந்து வந்த 'தஹ்ஸீபே நிஸ்வான்' என்ற பெண்கள் இதழில் 1899இல் அது வெளிவந்தது. அவர் எழுதியிராவிட்டால் அந்தக் கரியும் துடைப்பக் குச்சியும் எவருக்குத் தெரிந்திருக்கும்?

நம் தமிழகத்திலும் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் இருந்தார்கள். பள்ளிக்கூடம் சென்றது மூன்றாம் வகுப்புவரைதான். அவர்களின் 'காதலா? கடமையா?' நாவல் 1938இல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை வழங்கியவர் உ.வே. சாமிநாதையர்.

இன்று நம் பெண்கள் கல்லூரிக்குச் செல்கிறார்கள். எழுதத் தெரியுமா என்ற கேள்வியே எழவில்லை. ஆனால் பழைய அச்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. மகள் என்ன புத்தகம் வாசிக்கிறாள் என்று பறித்துப் பார்ப்பதும், அவள் தனக்கென்று எழுதி வைத்த நோட்டை இல்லாத நேரத்தில் புரட்டுவதும், மனைவிக்கு வந்த செய்தியைக் கணவர் முதலில் படிப்பதும் பல வீடுகளில் உரிமையாகவே கருதப்படுகின்றன. அனுமதியின்றிப் பிறர் கடிதத்தைப் பார்ப்பவர் நெருப்பைப் பார்ப்பவரே என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்று அபூதாவூத் அவர்களே குறிப்பிட்டுள்ளதால் அதைச் சட்டமாக நிறுத்த நாம் முனையவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. சூரத்துல் ஹுஜுராத் 12ஆம் வசனம் பிறருடைய மறைவுகளைத் துருவி ஆராய்வதை ஐயத்திற்கிடமின்றித் தடுத்துள்ளது. அந்தத் தடையிலிருந்து தகப்பனுக்கோ கணவனுக்கோ விலக்கு அங்கே கூறப்படவில்லை.

சின்னஞ்சிறு பிள்ளைக்கு எது தக்கது என்று தேர்ந்து கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு. அதை நாம் மறுக்கவில்லை. விவரம் தெரிந்த பெண் வேறு. அவள் கையிலுள்ள புத்தகம் பிடிக்கவில்லையானால், தாயோ தந்தையோ முதலில் அதைப் படித்துவிட்டு அவளோடு பேசட்டும். படிக்காமலே அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தால், அவள் அடுத்த புத்தகத்தை ஒளித்துப் படிக்கத்தான் பழகுவாள். நோட்டுக்கும் இதே நியாயம்தான். மனிதர் தம் மனக்கவலையைத் தாளில் இறக்கி வைக்கையில், அதைப் பிறர் பார்ப்பார் என்று தெரிந்தால் உண்மையை எழுதமாட்டார். மீண்டும் அந்த "எல்லோரும் சுகம்" வரிதான் மிஞ்சும்.

"வெளியார் எழுதும் கடிதமானால்?" என்று கேட்பவர்கள், இமாம் புகாரீ அவர்களின் 'அல்அதபுல் முஃப்ரத்' நூலைப் பார்க்கலாம். பெண்களுக்குக் கடிதம் எழுதுவது, அவர்கள் பதில் எழுதுவது பற்றி அங்கே ஒரு பாடமே இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் தங்கை மகள் ஆயிஷா பின்த் தல்ஹா, அன்னையின் அரவணைப்பில் வளர்ந்தவர்கள். அந்த உறவை முன்னிட்டுப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் அவர்களுக்குக் கடிதமும் அன்பளிப்பும் அனுப்புவார்கள். இன்னாரின் கடிதமும் அன்பளிப்பும் வந்துள்ளன என்று பெரியன்னையிடம் தெரிவிப்பார்கள். அன்னை அவர்கள் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. மகளே, பதில் எழுது, அன்பளிப்புக்குக் கைம்மாறும் கொடு என்றார்கள். கொடுக்க உன்னிடம் எதுவும் இல்லையென்றால் நான் தருகிறேன் என்றும் சொன்னார்கள். அவ்வாறே கொடுத்தும் வந்தார்கள்.