தலைக்கணக்கும் கால்பந்தும்

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆண்டு, எங்கள் கிராமத்து உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணி குறுவட்டப் போட்டிக்குச் சென்றது. முதல் ஆட்டத்திலேயே ஒன்பது கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. ஏழாவது கோல் விழுந்தபின், பந்தை எடுத்துவரப் போன எங்கள் கோல் கீப்பர் வேலியோரம் நின்றுவிட்டான். நடுவர் இருமுறை விசில் ஊதியபிறகே திரும்பி வந்தான். எங்களை வென்றது பெரியதொரு மேல்நிலைப் பள்ளி. அவர்கள் பக்கம் மாற்று ஆட்டக்காரர்கள் ஒரே நிறச் சட்டையில் வரிசையாக அமர்ந்திருந்தனர். எங்கள் பக்கம் ஒரே ஒருவன். அவனும் முந்தின நாள்தான் அணியில் சேர்க்கப்பட்டவன்.

அடுத்த ஆண்டு எங்கள் பள்ளி கால்பந்துக்குப் பெயர் கொடுக்கவில்லை; இன்றுவரை கொடுக்கவுமில்லை. ஓட்டத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் மட்டும் இரண்டு மூன்று பேரை அனுப்புகிறார்கள். என் தம்பி இப்போது அங்கே எட்டாம் வகுப்பு படிக்கிறான். "அண்ணே, நம்ம ஸ்கூல்ல ஏன் புட்பால் டீம் இல்ல?" என்று அவன் கேட்டபோது, "நமக்கு ஆள் பத்தாதுடா" என்றுதான் சொன்னேன். கணிதம் பயிலும் மாணவன் 'ஆள் பத்தாது' என்று சொல்லிவிட்டு எவ்வளவு பத்தாது என்று கணக்கிடாமல் இருப்பது அழகன்று. அந்தக் கணக்கே இக்கட்டுரை.

முதலில், நம் மாநிலத்தில் பள்ளி அணிகளை எவ்வாறு பிரிக்கிறார்கள் என்று காண்போம். குடியரசு தின விழாவையும் பாரதியார் தின விழாவையும் ஒட்டி நடைபெறும் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள் உள்ளன. குறுவட்டத்தில் வென்றவர் வருவாய் மாவட்ட அளவுக்கும், அங்கு வென்றவர் மாநில அளவுக்கும் செல்வர். பிரிக்கும் அளவுகோல் வயது ஒன்றே. பள்ளியில் அறுபது பையன்கள் படித்தாலும் அறுநூறு பேர் படித்தாலும் ஒரே களம், ஒரே அட்டவணை. இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் பெயரால் 1960 முதல் நடைபெற்றுவரும் பள்ளிகளுக்கான அகில இந்தியக் கால்பந்துப் போட்டியிலும் இதே நிலைதான்; அங்கும் வயதைப் பார்ப்பார்களேயன்றி வருகைப் பதிவேட்டின் தடிமனைப் பார்ப்பதில்லை.

வயதால் பிரிப்பது நியாயமாகவே தோன்றும். எனினும் அதனுள்ளே ஒரு மறைமுகச் சாய்வு இருப்பதை நான் இக்கட்டுரைக்காகத் தேதிகளை எழுதிப் பார்த்தபோதுதான் கண்டேன். பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில், உரிய வயதில் பள்ளியில் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவரும் ஆடலாம்; பன்னிரண்டாம் வகுப்பிலும் ஒரு பகுதியினர் ஆடலாம். ஆனால் உயர்நிலைப் பள்ளியோ பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஆகவே அதன் அணியில் உள்ள மிக மூத்தவனுக்கும் பதினைந்தைச் சுற்றியே வயது இருக்கும். எதிரே நிற்பவனுக்கோ பதினாறு முடிந்திருக்கும். அந்த வயதில் ஓராண்டு என்பது தோளின் அகலத்திலேயே தெரியும். அன்று எங்களுக்கு ஒன்பது கோல் விழுந்ததற்குத் திறமைக் குறைவு மட்டுமே காரணம் என்று இனி நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். திறமையை அளக்க முழக்கோல் இல்லை. எனவே உயரத்தை உவமையாகக் கொள்வோம். பையன்களின் சராசரி உயரம் 160 சென்டிமீட்டர், திட்ட விலக்கம் 6 சென்டிமீட்டர், பரவல் இயல்நிலைப் பரவல் என்று வைத்துக்கொள்வோம். (இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்; யாரையும் அளந்து எழுதியவை அல்ல.) அறுபது பேர் உள்ள பள்ளியில் மிக உயரமான 11 பேரைப் பொறுக்கினால் அவர்களின் சராசரி சுமார் 169 வரும். அறுநூறு பேர் உள்ள பள்ளியில் அதே 11 பேரைப் பொறுக்கினால் சுமார் 175 வரும். அதாவது பள்ளி பத்து மடங்கு பெரிதானால் அணியின் சராசரி ஒரு திட்ட விலக்கம் உயர்கிறது. சராசரிக்குச் சராசரி ஆறு சென்டிமீட்டர்! உயரத்துக்குப் பதிலாக வேகம், மூச்சு, பந்தை நிறுத்தும் நளினம் என்று எதை வைத்தாலும் கணக்கின் போக்கு இதுவே.

இதில் வியப்பான பகுதி அடுத்துதான் வருகிறது. அறுபது பேர் உள்ள பள்ளி 120 ஆனால் அணியின் சராசரி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கூடுகிறது. அறுநூறு 1,200 ஆனால் ஒன்றரை சென்டிமீட்டர்தான் கூடுகிறது. முன்னதில் கூடிய மாணவர் அறுபது. பின்னதில் கூடியவர் அறுநூறு. ஆகவே பள்ளிகளை வகுப்பதாயின் 'நூறு பேர் வித்தியாசம்' என்று கழித்துப் பார்ப்பது பயன்படாது. எத்தனை மடங்கு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். 50 பேர் பள்ளிக்கும் 150 பேர் பள்ளிக்கும் இடையே உள்ள பள்ளம், 1,000 பேர் பள்ளிக்கும் 1,100 பேர் பள்ளிக்கும் இடையே உள்ளதைவிட மிக ஆழமானது.

மாணவர் எண்ணிக்கையால் பள்ளிகளைப் பிரித்து ஆடவிடும் முறை அமெரிக்காவில் நெடுங்காலமாக உள்ளது. அங்கே 'புட்பால்' என்பது நம் கால்பந்தன்று; நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதி விழுந்து ஆடும் வேறோர் ஆட்டம். ஆயினும் அதிலும் ஓர் அணிக்கு 11 பேரே. டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை ஆறு வகுப்புகளாக வைத்திருக்கிறார்கள். ஆறாவது வகுப்பு 2014இல் வந்தது. ஏறத்தாழ நூறு மாணவருக்கு உட்பட்டவை கடைசி வகுப்பிலும், 2,200க்கு மேற்பட்டவை முதல் வரிசையிலும் அமைகின்றன. இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிதாகத் தலையெண்ணி, பள்ளிகளை மேலும் கீழும் மாற்றுகிறார்கள். மேல் வகுப்புக்கு உச்சவரம்பு கிடையாது. அதனால் 2,300 பேர் பள்ளியும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கும் ஆலன் நகரப் பள்ளியும் ஒரே வகுப்பில் நிற்கின்றன. மேற்கண்ட கணக்கின்படி இந்த ஏற்றத்தாழ்வு தோன்றுமளவு பெரிதன்று; இருப்பினும், வகுப்பின் எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே விழுந்துவிட்ட பள்ளியின் மாணவர்களிடம் இந்தச் சமாதானத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும்! பத்துப் பேர் கூடுதலாகச் சேர்ந்ததால் மேல் வகுப்புக்குத் தள்ளப்பட்டு, நேற்றுவரை பெரிய அணியாக இருந்தது இன்று சின்ன அணியாகிவிடும். எங்கே கோடு கிழித்தாலும் கோட்டின் ஓரத்தில் ஒருவன் நிற்கத்தான் செய்வான்.

பதினொருவரைச் சேர்க்கவே முடியாத பள்ளிகளுக்கு அவர்கள் கண்ட வழி வேறு. 1934இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஹீப்ரன் என்ற சிற்றூரில் ஸ்டீபன் எப்லர் என்ற ஆசிரியர் அறுவர் ஆடும் ஆட்டத்தை வகுத்தார். டெக்சாஸின் சின்னஞ்சிறு பள்ளிகள் பலவும் இன்றும் அதை ஆடுகின்றன. இதுபோல நம் கால்பந்தை எழுவர் ஆட்டமாக்கினால் சமநிலை வந்துவிடுமா என்றும் கணக்கிட்டேன். வராது. அறுபது பேரில் எழுவரையும் அறுநூறு பேரில் எழுவரையும் பொறுக்கினால் இடைவெளி ஐந்தரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். பதினொருவர் ஆட்டத்தைவிட அற்பமாகவே குறைகிறது. ஆனால் எழுவர் ஆட்டத்தின் பயன் வேறிடத்தில் உள்ளது. அணி என்று ஒன்று உண்டாகிறது. முந்தின நாள் சேர்க்கப்பட்டவன் களத்தில் நிற்க வேண்டியதில்லை.

வகுப்புப் பிரிவினையை எதிர்ப்பவர்களும் அங்கே உண்டு. அவர்கள் சொல்லும் கதை அழகானது. இந்தியானா மாநிலத்தில் பள்ளிகளுக்கான கூடைப்பந்துப் போட்டி பல்லாண்டுகள் பிரிவின்றி நடந்தது. 1954இல் 161 மாணவர்களே படித்த மைலன் என்னும் சிற்றூர்ப் பள்ளி, முன்பே நான்கு முறை வாகை சூடியிருந்த மன்சி சென்ட்ரல் என்ற பெரும் பள்ளியை இறுதி ஆட்டத்தில் 32–30 என்று வென்றது. கடைசி நொடிகளில் பாபி பிளம்ப் என்ற மாணவர் எறிந்த பந்தே வெற்றியைத் தந்தது. பின்னாளில் 'ஹூசியர்ஸ்' என்ற திரைப்படம் இதைத் தழுவி 1986இல் வந்தது. ஆனால் 1997–98 முதல் அந்த மாநிலமே கூடைப்பந்திலும் பள்ளிகளை எண்ணிக்கையால் பிரித்துவிட்டது. 'இனி மைலன் போன்ற வெற்றி எங்கே?' என்று வருந்துவோர் பலர். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஒரு சிறிய பள்ளி வென்றதை இத்தனை ஆண்டுகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது எவ்வளவு அரிதாக நடந்தது என்பதும் அதிலேயே தெரிகிறதல்லவா? தோற்று, மறு ஆண்டு பெயர் கொடுக்காமல் விட்ட பள்ளிகளைப் பற்றி யார் திரைப்படம் எடுப்பார்?

தலைக்கணக்கால் மட்டும் நியாயம் வந்துவிடும் என்று நான் கூற வரவில்லை. இல்லினாய் மாநிலத்தில் எல்லையின்றி எங்கிருந்தும் மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் தனியார் பள்ளிகள் சிறியனவாய் இருந்தும் வென்றுகொண்டே போயின. அதனால் 2005 முதல் அவற்றின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கி, அதற்குரிய வகுப்பில் வைக்கும் விதி அங்கே வந்தது. இந்தியானாவில் 2012 முதல் தொடர்ந்து வெல்லும் பள்ளிக்குப் புள்ளி கொடுத்து, புள்ளி சேர்ந்தால் மேல் வகுப்புக்கு ஏற்றுகிறார்கள். நம்மிடமும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. விளையாட்டு விடுதி மாணவர் சேர்ந்து படிக்கும் பள்ளியின் பலம் அதன் பதிவேட்டில் தெரியாது. மாநிலமெங்குமிருந்து தேர்ந்தெடுத்த சிறுவர்கள் அவர்கள். ஆண்கள் பள்ளியில் 600 என்பதும், இருபாலர் பள்ளியில் 600 என்பதும் ஒன்றாகா என்பதையும் மறத்தலாகாது. பின்னதில் ஆண் பிள்ளைகள் பாதிதான்.

நம் பகுதிக்கே உரிய கணக்கு ஒன்றும் உண்டு. ஆண்டிபட்டி வட்டாரத்தில் மல்லிகை பருவத்தில், விடியும் முன்னரே தோட்டத்துக்குப் போய் மொட்டுப் பறித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் காலைப் பயிற்சிக்கு அழைக்க முடியாது. மாலையில் பயிற்சி வைத்தால் வருசநாடு, கடமலைக்குண்டுப் பக்கம் போகிறவர்கள் பேருந்தைத் தவறவிடுவார்கள். என் வகுப்பில் நன்றாக ஓடக்கூடியவர்கள் நால்வர் இருந்தனர். அவர்களில் ஒருவன்கூட அன்று அணியில் இல்லை. ஆக, பதிவேட்டில் அறுபது என்றால் மைதானத்தில் முப்பது. உடற்கல்வி ஆசிரியர் பணியிடமும் மாணவர் எண்ணிக்கையை ஒட்டியே அமைவதால், ஆள் குறைந்த பள்ளிக்குக் கற்றுக்கொடுப்பவரும் குறைகிறார். எண்ணிக்கை இருமுறை தண்டிக்கிறது எனலாம்.

இதற்கு மாறாகக் கபடியில் சிற்றூர்ப் பள்ளிகள் அவ்வளவாகப் பின்தங்குவதில்லை. களத்தில் எழுவர் என்பதோடு, எடை வரம்பும் உண்டு என்பது ஒரு காரணம். பெரிய காரணம், ஊரே அங்கு பயிற்சிக் கூடம் என்பது. அண்ணன்மார் இரவில் விளக்குப் போட்டு ஆடுவதைப் பார்த்தே தம்பிகள் பிடி கற்கிறார்கள். பெரியகுளத்துக்குக் கூடைப்பந்து எப்படியோ அப்படி. எங்கள் ஊரில் கால்பந்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

இவற்றையெல்லாம் எங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் காட்டினேன். கணக்கைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "குறுவட்ட விதியை நீயும் நானும் மாத்த முடியாதுப்பா, மைதானம் சனிக்கிழமை சும்மாத்தானே கிடக்கு" என்றார். அதன்படி, அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் கல்லூரி மைதானத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு எழுவர் கால்பந்து நடத்த நாங்கள் எட்டுப் பேர் முன்வந்திருக்கிறோம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள ஆண் பிள்ளைகளை மட்டும் எண்ணுவது. 75க்கு உட்பட்டவை ஒரு பிரிவு, 75 முதல் 225 வரை மற்றொன்று, அதற்கு மேல் மூன்றாவது. கீழ்ப்பிரிவில் வெல்லும் அணி விரும்பினால் அடுத்த பிரிவின் வெற்றி அணியோடு ஓர் ஆட்டம் ஆடலாம், கட்டாயமில்லை. ஆட்டங்கள் காலை பத்தரைக்குத் தொடங்கி மூன்றரைக்குள் முடிய வேண்டும். மொட்டுப் பறிப்பையும் மாலைப் பேருந்தையும் கருதி வைத்த நேரம் அது.

இதுவரை ஐந்து பள்ளிகள் இசைந்துள்ளன. என் தம்பியின் பள்ளித் தலைமையாசிரியர், பந்துக்குக் காற்றடித்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.