மஞ்சள் இலைக்கு மருந்து கேட்பது எப்படி?

கேள்வி: நெல் மஞ்சளாகிறது என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டால், ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்களே, ஏன்?

பதில்: நெல் இலை மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல. தழைச்சத்து குறைந்தால் அடி இலைகள் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்து குறைந்தால் இளம் இலைகள். துத்தநாகம் போதாவிட்டால், நட்ட சில வாரங்களில் அடி இலைகளில் துருப்பிடித்தாற்போல் புள்ளிகள் தோன்றும். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயில் பயிர் குட்டையாகி, இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். பாக்டீரியா இலைக்கருகல் நுனியில் தொடங்கி ஓரமாக இறங்கும். ஒற்றை இலையின் மங்கலான படத்தில் இவற்றைப் பிரித்தறிய எவராலும் முடியாது. பதில் சொல்பவர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

ரகமும் வயதும் கேள்வியிலேயே இருக்க வேண்டும்: "அம்பை 16, நட்டு 25 நாள், பிசானப் பருவம்." கன்னடியன் கால்வாய்ப் பாசனமா, கிணற்றுத் தண்ணீரா? வயலில் நீர் தேங்குகிறதா? மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது, வயல் முழுவதுமா, திட்டுத்திட்டாகவா? இட்ட உரத்தையும் அடித்த மருந்தையும் அளவோடு சொல்ல வேண்டும். பெரும்பாலும் விடுபடுவது இதுதான். படங்கள் பகல் வெளிச்சத்தில் இரண்டு போதும்: வேரோடு பிடுங்கிய ஒரு தூர், வயலின் முழுத் தோற்றம்.

இந்த விவரங்களோடு நேரடியாகக் கேட்கவும் இடங்கள் உண்டு. அம்பை 16 ரகத்தை உருவாக்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இயங்குகிறது. கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம்.